இரண்டாவது அடக்கம்

"நாற்காலியை இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளுப்பா," என்றார் ஓவியம் விற்கும் பாரிஸ்காரர். கூட வந்த போட்டோக்காரன் தள்ளினான். சவப்பெட்டியில் கிடந்த கூல்வெனின் தலைமாட்டில் நாற்காலி போய் நின்றதும், பாரிஸ்காரர் இரண்டடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "இப்பச் சரி. அம்மா, நீங்க வந்து உக்காந்தீங்கன்னா படத்துல இருக்கற மாதிரியே இருக்கும்."

கூல்வெனின் மனைவி பெரின் உட்காரவில்லை. சேறு படிந்த மரச்செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்றாள். பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து தீவுக்கு வரும் கப்பலிலிருந்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகாத மனிதர் தன் வீட்டு நாற்காலியை இடம் மாற்றுவதைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்தப் படம்?" என்று தெரியாதவள் மாதிரி கேட்டாள்.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க. 'தீவின் விதவை.' உங்க வீட்டுக்காரருக்குப் பேர் வாங்கிக் குடுத்ததே அதுதானே. கண்காட்சியில அதுக்கு முன்னாடி நின்னு அழுதவங்களை நான் பாத்திருக்கேன்."

"நான் முன்னாடி நின்னதில்ல. நான் அதுக்குள்ளதானே இருக்கேன்."

போட்டோக்காரன் சிரித்தான். பாரிஸ்காரர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மகள் ரோசென் வயிற்றில் இருந்தபோது, இதே அறையில்தான் கூல்வெனுக்கு முதல் அடக்கம் நடந்தது. அவன் வேலை பார்த்த கப்பல் தென் அமெரிக்காவிலிருந்து திரும்பும் வழியில் மூழ்கிவிட்டது, ஒருவரும் தப்பவில்லை என்று தந்தி வந்தது. கடலில் போனவனுக்கு உடம்பு ஏது? உடம்புக்குப் பதிலாக அந்தத் தீவில் அடக்கம் செய்வது விரல் நீளத்துக்கு ஒரு மெழுகுச் சிலுவையைத்தான். அவனுடைய ஞானத்தகப்பன் அதைக் கொண்டுவந்து கொடுக்க, வெள்ளைத்துணி விரித்த மேசையில் வைத்து, ஊர்ப் பெண்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து செபமாலை சொன்னார்கள். மறுநாள் அந்தச் சிலுவைக்குப் பின்னால் பெரின் ஆறு மாத வயிற்றோடு கோயில்வரை நடந்தாள். வழியில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள்.

கூல்வென் அந்தக் கப்பலில் இல்லவே இல்லை. தென் அமெரிக்காவிலேயே, வால்பரைசோ துறைமுகத்தில் யாருக்கும் சொல்லாமல் நழுவிப்போய் ஒரு மதுக்கடை மாடியில் படம் வரைந்துகொண்டிருந்தான். செத்தவர்களில் தன் பெயரும் இருப்பதைச் செய்தித்தாளில் படித்தான். வீட்டுக்கு ஒரு வரி எழுதிப்போட அவனுக்கு மனசு வரவில்லை. வேறு பெயரில் கப்பல் கப்பலாக ஏறினான், துறைமுகம் துறைமுகமாக வரைந்தான், ஆண்ட்வெர்ப்பிலும் பாரிஸிலும் கண்காட்சி வைத்தான். நெஞ்சு கெட்டு, இனி எந்தக் கப்பலும் ஏற்றாது என்றான பிறகு வீடு நினைவுக்கு வந்தது. ரோசெனுக்கு அப்போது பதினைந்து வயது.

அதைக்கூட பெரின் ஜீரணித்திருப்பாள். வந்த வாரமே அவன் பெட்டியைத் திறந்து, அந்தப் படத்தின் அச்சுப்பிரதியைப் பெருமையாக நீட்டினான். மெழுகுச் சிலுவைக்கு முன்னால் ஒரு பெண், தீவுப் பெண்கள் வழக்கப்படி தோள்வரை வெட்டிய கூந்தல் முகத்தில் விழ, தன்னந்தனியாக அழுகிறாள். இங்கே என்ன நடந்துகொண்டிருக்கும் என்று இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எந்த மேசை, எந்த ஜன்னல், அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள் என்பதுவரை தெரிந்தும், பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அன்றிலிருந்து ஏழு வருஷம் அவனுடைய கோழைக் கிண்ணத்தைக் கழுவினாள், சூப் ஊட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

பங்குச் சாமியார் உள்ளே வந்தார். பின்னாலேயே ரோசென், பெரினின் கறுப்புச் சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு.

"கிளம்பலாமா பெரின்? பெட்டிக்குப் பின்னாடி முதல்ல நீதான் நடக்கணும்."

"நடந்தாச்சு சாமி. நீங்கதானே அன்னிக்கு முன்னாடி செபம் சொல்லிக்கிட்டுப் போனீங்க."

"அது மெழுகும்மா. இது உடம்பு."

"மெழுகுக்காகவா சாமி நான் அன்னிக்கு அழுதேன்?"

 ரோசென் குறுக்கே வந்தாள்.

"ஊரே பாக்கணுமாம்மா உன் கோவத்தை? எனக்கு அப்பான்னு இருந்ததே இந்த ஏழு வருஷம்தான்."

"மீதி வருஷமெல்லாம் இல்லாமப் போனது யாராலடி?"

"தெரியும். தெரிஞ்சும் எனக்கு அவரைப் பிடிச்சுது. நீ எனக்கு வயித்துக்குப் போட்ட. உக்கார வெச்சுப் பேசினது அவர்தான்."

பெரினுக்குக் கன்னத்தில் அறை வாங்கினது போல இருந்தது. விடிந்தால் ஆடு, பொழுது போனால் தறி. பேச எங்கே நேரம் இருந்தது?

"பாரிஸ்ல அப்பா படங்களைப் பாத்துக்க ஆள் வேணுமாம்," என்றாள் ரோசென். "வர மாட்டேன்னுதான் இவர்கிட்ட சொல்லியிருந்தேன். நீ இப்பக் கூட வரலைன்னா, நான் சாயங்காலக் கப்பல்லயே போயிடறேன்."

மகள் தன்னோடு இருக்க வேண்டும். அதைத் தவிர இந்த உலகத்தில் பெரினுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கோயில் பத்து நிமிஷ நடை. நடந்துவிட்டு வந்தால் முடிந்தது. மகள் கையிலிருந்த சால்வையை வாங்கினாள். பாரிஸ்காரர் போட்டோக்காரனுக்குக் கண்ணைக் காட்டினார்.

பெரின் சால்வையை உதறி ரோசெனின் தோளில் போர்த்தினாள்.

"நீ உக்காரு," என்றாள். "உனக்கு அழுகை நிஜமா வரும்."

புழக்கடை வழியாகப் போகும்போது, "ஆங், இதேதான், தலையைக் கொஞ்சம் குனிம்மா," என்று பாரிஸ்காரர் சொல்வது கேட்டது.

ஊர்வலம் வந்தபோது அவள் சாலையோரத் தோட்டத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாள். எந்த வீட்டுப் பெட்டி போனாலும் தோட்டத்தில் நிற்பவர்கள் செய்கிறபடி, மண்வெட்டியைக் கீழே வைத்தாள், கையைத் துடைத்துக்கொண்டு சிலுவை போட்டாள். ரோசென் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். கடைசி ஆளும் வளைவில் மறைந்த பிறகு பெரின் அடுத்த செடியைப் பிடித்தாள். அழுகை வரவில்லை.

சாயங்காலம் வெறும் வீட்டில் அடுப்பை மூட்டி, இரண்டு பேருக்குக் கிழங்கு எடுத்துக் கழுவினாள். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது. ஊதி முடியும்வரை நின்றாள். பிறகு, கழுவினதில் பாதியைத் திரும்பக் கூடையில் போட்டாள்.