சனிக்கிழமை கிழக்கே சூலம்

சாம்பவியைத் தற்செயலாகப் பார்ப்பதற்கு எந்த ஆறு வசதி என்று தீர்மானிக்க, மகாலிங்கத்தின் பலசரக்குக் கடையின் பின்னறையில் கதிரைகள் போடப்பட்டன.

பொம்பிளை பார்க்கும் விடயத்தில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மரியாதை உண்டு. இரு தரப்பும் எதிர்பாராமல் சந்திக்க வேண்டும். அந்த எதிர்பாராத சந்திப்பைப் பெரியவர்கள் முன்கூட்டியே பேசி ஒழுங்குசெய்வார்கள். பிடிக்காமல் போனால் சந்திப்பே நடக்கவில்லை என்று ஆகிவிடும், யாருக்கும் அவமானமில்லை. வழக்கமான இடம் ரூ பஜோல் பிள்ளையார் கோயில். முப்பத்து நான்கு வயதுச் சாம்பவி அங்கே பலமுறை எதிர்பாராமல் பார்க்கப்பட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அம்மாவின் பச்சைச் சேலை கட்டியிருந்தாள். ஒவ்வொரு முறையும் அதற்குப் பிறகு தொலைபேசி வரவில்லை.

இந்த முறை அவள் சொல்லிவிட்டாள்.

"கோயிலுக்கு வரமாட்டன். ஏப்ரல் கடைசிச் சனி மீன் திறக்கிற நாள். நான் ஆத்திலை நிப்பன். பார்க்கிறவை அங்கை வந்து பார்க்கட்டும்."

குளிர்காலத்தில் மூடிவைக்கும் வேட்டைமீன் பருவம் அன்றைக்குத்தான் திறக்கும். சாம்பவி தேடுவது சாந்தர் என்ற மீனை. கண்ணாடிக் குண்டு போலக் கண், முதுகில் முள். கனடாவில் இருக்கும் உறவினர்கள் வாலாய் என்று ஒரு மீனைப் படம் எடுத்து அனுப்புவார்களே, அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். செவ்ரானில் அவள் வேலை செய்யும் மருந்துக்கடையில் ரோசாலி என்ற புதுச்சேரிக்காரியும் வேலை செய்கிறாள். ரோசாலிக்குத் துணையாக ஒருநாள் ஆற்றுக்குப் போனவள் சாம்பவி. இப்போது ரோசாலிதான் துணைக்குப் போகிறாள். காரும் அவளுடையது, அநேகமாக அதற்குள் நித்திரை கொள்வாள்.

இந்த முறை பார்க்க வரவிருந்த தனூஜனின் படத்தைச் சாம்பவி ஒரு தரம் மட்டுமே பார்த்ததாக வீட்டில் நம்பினார்கள். படத்தில் அவன் கமெராவைப் பார்க்காமல், யாரோ தவறவிட்ட குழந்தைச் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அது பிடித்திருந்தது. அதனால்தான் சேலை வேண்டாம் என்றாள். வேண்டாம் என்று அவன் சொல்வதானால் முழங்கால் வரை றப்பர் சப்பாத்துப் போட்டு நிற்கும் சாம்பவியைப் பார்த்துச் சொல்லட்டும். பச்சைச் சேலையை வேண்டாம் என்றவர்கள் போதும்.

மகாலிங்கம் அவளுடைய பெரியப்பா. தொலைபேசியை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, சார்செலில் இருந்த தனூஜனின் தாய் சுகிர்தத்தோடு பேசினார். சாம்பவியின் அம்மா தில்லைநாயகி பக்கத்தில் இருந்தார்.

"எந்த ஆறு, பிள்ளை?" என்றார் மகாலிங்கம்.

"மார்ன். மோவுக்கு அங்காலை, பழைய அணைக்குக் கீழை. போன வருசமே பார்த்து வைச்ச இடம்."

மகாலிங்கம் பஞ்சாங்கத்தைத் திறக்கவில்லை. திறக்கத் தேவையில்லை.

"மோ கிழக்கு. சனிக்கிழமை கிழக்கை சூலம், பயணம் கூடாது."

"ஓம் அண்ணை, சூலம்," என்றது தொலைபேசி.

"தயிர் சாப்பிட்டுட்டுப் போனால் சூலம் போகும் எண்டு நீங்கள்தானே பெரியப்பா சொல்லுவியள்?"

"அது சாமான் வாங்கப் போறதுக்கு. கலியாண விசயத்துக்குத் தயிர் காணாது."

தெற்கே சென் ஆற்றோடு லுவான் கூடும் இடம் ஒன்றைச் சாம்பவி சொன்னாள். ரெண்டு ஆறு கூடுற இடத்திலை சாம்பல் கரைக்கிறதுதான் வழக்கம், பொம்பிளை பார்க்கிறதில்லை என்றார் சுகிர்தம். வடக்கே வாஸ் ஆற்றங்கரையில் வாகனம் நிறுத்த நல்ல வசதி என்றார் மகாலிங்கம். அந்த ஆற்றில் தனக்கு ஒரு மீனையும் தெரியாது என்றாள் சாம்பவி. சுகிர்தம் ஒரு குளத்தைச் சொன்னார், மலசலகூடம் துப்புரவாம்.

"அந்தக் குளத்திலை சாந்தர் பிடிக்க யூன் வரைக்கும் விடமாட்டினம்."

"பிடிக்கிற மாதிரி நிண்டால் காணாதோ, பிள்ளை?"

கடைசியில் எல்லோருக்கும் பொருத்தமான இடம் கிடைத்தது. கடையிலிருந்து நடந்தே போகக்கூடிய லா வில்லெத் வாய்க்கால்.

"அது வாத்துக்குப் பாண் போடுற இடம்," என்றாள் சாம்பவி.

"வாத்து இருந்தால் தண்ணி இருக்கு. தண்ணி இருந்தால் மீன் இருக்கும்," என்றார் மகாலிங்கம். கூட்டம் முடிந்தது.

தில்லைநாயகி வெளியே வந்ததும் மகளின் கையைப் பிடித்தார். "ஒரு நாளைக்குத்தானே, அம்மா. ஆறு அடுத்த கிழமையும் ஓடும்."

சாம்பவி தலையாட்டினாள். அது சம்மதம் என்று தில்லைநாயகி எடுத்துக்கொண்டார். சாம்பவிக்கே அது என்னவென்று தெரியவில்லை.

புதன்கிழமை அவளுக்கு லீவு. கடையில் பெரியப்பாவுக்கு உதவியாக முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தபோது ரயில் சாரதியின் சீருடையில் ஒருவன் உள்ளே வந்தான். படத்தில் இருந்ததைவிடக் கொஞ்சம் கட்டை.

மகாலிங்கம் அவனை அடையாளம் கண்டார். ஆனால் சந்திப்பு சனிக்கிழமைதான் எதிர்பாராமல் நடக்க வேண்டும். ஆகவே அவர் அவனைத் தெரியாதவராக இருந்தார். சாம்பவியும் தெரியாதவளாக இருந்தாள்.

"என்ன வேணும், தம்பி?" என்றார் மகாலிங்கம்.

"முருங்கைக்காய்," என்றான் தனூஜன். பிறகு சாம்பவியைப் பார்த்து, "தங்கச்சி..." என்று தொடங்கி, நிறுத்தி, "நீங்கள் மீன் பிடிக்கிறனீங்களோ?" என்றான்.

"ஓம். முருங்கைக்காய் வாங்க வாறவைக்கு அது எப்பிடித் தெரியும்?"

"முகத்திலை தெரியுது."

மகாலிங்கம் தராசைத் துடைத்தார்.

"எந்த ஆறு நல்லது? முதலிலை எந்த ஆத்தைச் சொன்னனீங்கள்... சொல்லுவியள்?"

"மார்ன். மோவுக்கு அங்காலை."

"நான் மோ ரயில்தான் ஓட்டுறன். கார் து லெஸ்ட் ஸ்ரேசனிலை இருந்து ஒவ்வொரு நாளும். சனிக்கிழமையிலும்." அவன் மகாலிங்கத்தின் பக்கம் திரும்பினான். "ஐயா, ஒரு சந்தேகம். போற நாளிலை சூலம் எண்டால், முதல் நாளே ஒரு சாமானை அந்தத் திசைக்கு அனுப்பி வைச்சால் புறப்பட்ட மாதிரித்தானே? அதுக்கு ஒரு பேர் இருக்கு."

"பரஸ்தானம்," என்றார் மகாலிங்கம். பெயரைச் சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது அவருக்கு விளங்கியது. "வெள்ளிக்கிழமை மேற்கைத்தான் சூலம். கிழக்கை போகலாம்."

"வெள்ளிக்கிழமை நான் மோவுக்குப் போறன். ஆரின்ரையும் சாமான் கொண்டுபோகவேணும் எண்டால் கொண்டுபோவன். அங்கை ஸ்ரேசனிலை சாரதிமாருக்கு அலுமாரி இருக்கு."

மகாலிங்கம் பஞ்சாங்கத்தை எடுத்தார். இந்த முறை திறந்து பார்த்தார். குறை எதுவும் கிடைக்கவில்லை. அவர் தன் குடையை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது எனக்குத் தெரிஞ்ச ஒராளின்ரை குடை," என்றார்.

"நீங்கள் என்ன தாறியள்?" என்று சாம்பவியைக் கேட்டான் தனூஜன்.

"எனக்குச் சூலம் இல்லை. அது விடிஞ்சாப் பிறகுதான், நான் விடிய முன்னம் போயிடுவன்."

"சரி," என்றான். ஆனால் போகவில்லை.

சாம்பவி பின்னறைக்குப் போய், வாய்க்காலுக்கென்று கொண்டுவந்து வைத்திருந்த றப்பர் சப்பாத்துகளை எடுத்து வந்தாள். ஒன்றில் பழைய சேறு காய்ந்திருந்தது. அதைத் தட்டவில்லை. அப்படியே நீட்டினாள்.

"இது இல்லாமல் நான் தண்ணிக்கை இறங்கேலாது. நேரத்துக்கு வரவேணும்."

"என்ரை ரயில் பிந்தினதில்லை," என்றான் தனூஜன். அது உண்மையாக இருக்க முடியாது என்று மூவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை விடியும்போது ரோசாலி காரை அணைக்கு அருகே நிறுத்தினாள். கரையில் ஒருவன் றப்பர் சப்பாத்துகளைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தான். புல்லில் மகாலிங்கத்தின் குடை, சேதி அறிந்து பிறகு சேர்ந்த சுகிர்தத்தின் செருப்பு, தில்லைநாயகியின் கைப்பை எல்லாம் வரிசையாக இருந்தன.

"யாரும்மா இது, சந்தை போட்டிருக்கார்?" என்றாள் ரோசாலி. பிறகு அவனை இன்னொரு தரம் பார்த்தாள். "நான் பின் சீட்டுல கொஞ்சம் சாயறேன். என்னை எழுப்பாதே."

வீட்டார் வந்து சேர நெடுநேரம் ஆனது. எதிர்பாராமல் வந்தவர்களின் சாமான்கள் அவர்களுக்கு முன்பே அங்கே கிடந்தன. ஆனாலும் சுகிர்தம் முறையை விடவில்லை.

"அட, நீங்களும் இஞ்சையோ!" என்றார்.

"ஓம், சும்மா காத்து வாங்க வந்தனாங்கள்," என்றார் தில்லைநாயகி.

சாம்பவி திரும்பவில்லை. அவளுடைய தூண்டில் வளைந்திருந்தது. முழங்கால் ஆழத்தில் நின்று அவள் இழுக்க, பக்கத்தில், வெள்ளி இரவு ரயிலோடு வந்து சனிக்கு லீவு போட்டிருந்த தனூஜன் வேலைச் சப்பாத்தோடு தண்ணீருக்குள் நின்று வலையை நீட்டினான். மீன் வலைக்குள் வந்தது. உடல் கறுத்த, பெரிய சாந்தர். தில்லைநாயகியின் முகம் மலர்ந்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் இதைவிட நல்ல சகுனம் உண்டா? குழம்பா, பொரியலா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் சாம்பவி கொக்கியைக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டாள்.

"ஐயோ, பிள்ளை!" என்றார் தில்லைநாயகி.

"ஏன் விட்டவ?" என்று சுகிர்தம் மகனைக் கேட்டார்.

"அது ஆம்பிளை, அம்மா. இந்த மாதம் முட்டைக்குக் காவல் நிக்கும். பிடிச்சுக்கொண்டு போனால் முட்டையை மற்ற மீனுகள் திண்டிடும். இப்பதான் சொல்லித் தந்தவ."

"அப்ப பொம்பிளை மீன்?"

"முட்டையை இட்டுட்டு அவ தன்ரை பாட்டிலை போயிடுவா."

சுகிர்தம் ஆற்றைப் பார்த்தார். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். வெகுநேரம் யோசித்தார்.

"நல்லது," என்றார்.

பிறகு புல்லில் இருந்து, முதல் நாளே வந்து சேர்ந்த செருப்பை மாட்டிக்கொண்டார். "மகாலிங்கம் அண்ணை, இனி எதிர்பாராமல் வரத் தேவையில்லை. வாற கிழமை நேரை வீட்டுக்கு வாறம்."

தில்லைநாயகி கண்ணைத் துடைக்கக் கைப்பையில் லேஞ்சியைத் தேடினார். மகாலிங்கம் வெயில் இல்லாத வானத்துக்குக் குடையை விரித்தார்.

சாம்பவி மறுபடியும் தூண்டிலை வீசினாள். பார்க்க வந்தவர்களுக்கு அன்று முழுவதும் அவளுடைய முதுகுதான் தெரிந்தது. முகம் தெரியும் பக்கத்தில், நனைந்த சப்பாத்தோடு, தனூஜன் மட்டும் நின்றான்.