வெட்டு விழாத அட்டை

"செத்தவங்க நானூத்துப் பன்னெண்டு பேரையும் மூணே மூணு சைக்கிள் கம்பியில கோத்து ஒரே தூக்கா தூக்குவேன். நான் கேக்கிற ஆளு மட்டும் என் காலடியில வந்து விழணும். விழலேன்னா மீசைய எடுத்துடறேன்!"

முகைதீன் காப்பிக்கடையில் இப்படிச் சவால் விட்ட கலியாணசுந்தரம் வாத்தியார், மீசையை எடுக்காமலே இன்று விடிகாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய கால் கட்டைவிரல்கள் இரண்டையும் மைத்துனன் பொன்னுதுரை வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். முடிச்சு மூன்று தடவை நழுவியது. உயிரோடிருந்தபோதே அந்தக் கால்கள் ஓரிடத்தில் நின்றதில்லை. குரலும் அப்படித்தான், பண்டார் ஹிலிரில் நின்று அவர் தும்மினால் பல மைல் தள்ளிப் புக்கிட் காதிலில் கோழிகள் கூவிவிடும்.

இப்போது அவர் குடியிருந்த காஜா பெராங் முழுவதும் யாரோ மூடி போட்டு மூடியதுபோல் இருந்தது. மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய தோரணம் எதிர்வீட்டு வாசலில் அசையாமல் தொங்கியது.

"நாலு மணிக்கு லோரி வந்துடும்க்கா. குழி எங்க வெட்டறதுன்னு வெட்டியான் அப்பாசாமி ஆள் மேல ஆள் அனுப்பறான்."

கமலவேணி புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"பாப்பா பக்கத்துல."

ஜப்பான்காரன் வாத்தியாரைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போயிருந்த காலத்தில், அவர்களுடைய மூன்று மாதப் பெண் குழந்தை காய்ச்சலில் இறந்தது. கமலவேணியும் அதே காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். பக்கத்து வீட்டு ருக்மணிதான் பிள்ளையைத் தூக்கிப்போய்ப் புதைத்தாள். எந்த இடம் என்று கமலவேணி எழுந்து கேட்பதற்குள் ருக்மணியையும் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. இடுகாட்டுப் பதிவேட்டைச் சண்டைக்காலம் தின்றுவிட்டது.

"பதினாலு வருஷமாச்சு. யாருக்குக்கா தெரியும்?"

"தெரிஞ்சுக்கிட்டு வா. அதுவரைக்கும் இவர யாரும் தூக்கக் கூடாது."

அப்போதுதான் வாத்தியாரின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். முன்னால் முகைதீனின் மகள் ரோஷன் பீவி. பூமாலைக்குப் பதிலாக அவள் கையில் பெரிய பிஸ்கட் டின் இருந்தது. கமலவேணி அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கொண்டாந்தியா? அட்டைங்ககிட்ட கேளு."

"அக்கா, சும்மா இரு. பதிவுன்னா தைச்ச புத்தகம் லா. இது சீட்டுக்கட்டு" என்றான் பொன்னுதுரை. நில ஆபீசில் இருபது வருஷமாகப் பதிவெழுதும் கிராணி. தைக்காத காகிதத்தில் எழுதியிருந்தால் தன் பெயரைக்கூட அவன் நம்பமாட்டான்.

அந்தச் சீட்டுக்கட்டு ஒரு வருஷ வேலை. நாடு கைக்கு வரும்போது ஊரில் யார் யார் இருந்தார்கள் என்று தெரிய வேண்டாமா என்று வாத்தியார் பிள்ளைகளை இடுகாட்டுக்கும் வீடு வீடாகவும் விரட்டினார். ஒரு சமாதிக்கு ஓர் அட்டை. அட்டையின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள்: ஆண், பெண், குழந்தை, ஜப்பான் காலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. பொருந்துகிற துளையை மட்டும் விளிம்புவரை வெட்டித் திறந்துவிட வேண்டும். அட்டைகளை அடுக்கி, கேட்கிற துளைகளில் கம்பியை விட்டுத் தூக்கினால், அத்தனை துளையும் வெட்டிய அட்டைகள் விழும், மற்றவை தொங்கும். தெரிந்ததை வெட்டு, தெரியாததை வெட்டாதே, ஊகித்து வெட்டினால் செத்தவர்கள் சிரிப்பார்கள் என்பார் வாத்தியார்.

ரோஷன் பீவி மூன்று கம்பிகளை விட்டாள். குழந்தை. பெண். ஜப்பான் காலம். டின்னிலிருந்து அடுக்கு முழுவதையும் தூக்கினாள்.

மூன்று அட்டைகள் விழுந்தன. மூன்றிலும் பெயர் இருந்தது. வேறு வீட்டுப் பிள்ளைகள்.

"சார் கேட்டப்பவும் இதே மூணுதான் அத்தை விழும்" என்றாள் ரோஷன் பீவி மெதுவாக. "தினம் பள்ளிக்கூடம் விட்டதும் கேப்பாரு."

கமலவேணி முகத்தைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். இது அவளுக்குத் தெரியாது.

"சரி, இறக்கும்மா" என்றான் பொன்னுதுரை.

ரோஷன் பீவி இறக்கவில்லை. அவள் கை அப்படியே நின்றது. கூடத்தில் பிள்ளைகள் இருபது பேர், ஒருவர் மூச்சும் கேட்கவில்லை. தலைமாட்டு விளக்கின் சுடர் ஆணி அடித்தாற்போல நின்றது. தொங்கிய அட்டைகளுக்குள் எங்கோ நடுவில், நகத்தால் சுரண்டுவதுபோல ஒரு சத்தம். பிறகு ஓர் அட்டை நழுவி, அவசரமில்லாமல் இறங்கி, கட்டிய கட்டைவிரல்கள்மேல் வந்து படுத்தது.

"காத்து" என்றான் பொன்னுதுரை உடனே.

அட்டையை எடுத்தான். பிள்ளைக் கையெழுத்து: 'பெயர் தெரியாது. ஆணா பெண்ணா தெரியாது. நாவல் மரத்துக்கு வடக்கே ஆறு எட்டு. தலைமாட்டில் நீலக்கோடு போட்ட பீங்கான் மங்குத் துண்டு.'

கிராணியின் விரல் பழக்கப்படி ஓரத்தைத் தடவியது. ஒரு துளைகூட வெட்டப்படவில்லை. எல்லாம் முழு வட்டம். திருப்பிப் பார்த்தான். கிழிசலும் இல்லை. யாரும் பார்க்காதபோது ஒரு கம்பியை எடுத்து அட்டையைக் கோத்து ஆட்டினான். பத்துத் தடவை ஆட்டினான். அது விழவில்லை.

அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தான். பொய் என்று காட்டிவிட்டு வந்துவிடலாம் என்று அவன் மிதித்த மிதியில் சைக்கிளே பயந்திருக்கும்.

இடுகாட்டு நாவல் மரத்திலிருந்து வடக்கே ஆறு எட்டு. லாலான் புல்லை அப்பாசாமி மண்வெட்டியால் ஒதுக்கினான். சின்ன மேடு. தலைமாட்டில் நீலம்.

"இதையா தேடினீங்க கிராணி? பக்கத்துல வெட்டட்டுமா?"

பொன்னுதுரை குனிந்து துண்டைப் பிடுங்கினான்.

"வெட்டு."

லோரி வாசலுக்கு வந்தபோது அவனும் வந்து சேர்ந்தான். மங்குத் துண்டை அக்காவின் கையில் வைத்தான். கமலவேணி மண்ணை முந்தானையில் துடைத்தாள். நீலக்கோட்டின்மேல் சிவப்புச் சாயத்தில் சின்னதாக ஒரு புள்ளி.

"ருக்மணி வீட்டு மங்கு. எங்க வீட்டு மங்கோட கலந்துடக் கூடாதுன்னு அவதான் சாயம் வச்சா" என்றாள். துண்டைப் புருஷனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

ஆண்கள் பாடையைத் தூக்கக் குனிந்தார்கள். அவள் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"துரை, உண்மையச் சொல்லு. நான் தூக்க விடமாட்டேன்னேனே, அதுக்காக நீயே அட்டையத் தட்டிவிட்டியா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். அட்டை விழுந்ததற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும், இன்றிரவு அவன் தூங்கலாம். பொன்னுதுரை சட்டைப்பையிலிருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

"நான் தொடலக்கா. அந்தப் பொண்ணும் ஆட்டல. காத்தும் இல்ல" என்றான். "அதுவாத்தான் விழுந்துச்சு."