முப்பத்தோராம் கேள்வி

"சுகமா மௌத்தாகினாரு. ஒரு கஷ்டமும் படல்ல" என்று உம்மா கமீலா எட்டாவது தடவையாகச் சொன்னபோது, நஸ்லியா வாப்பாவின் சக்கர நாற்காலியைக் கூடத்திலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். முன்சக்கரம் வாசற்படியில் மாட்டிக்கொண்டது. ஓங்கி ஓர் உதை விட்டாள். வாப்பாவின் மையித்து கிடக்கும் வீட்டில் மகள் நாற்காலியை உதைப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டு ஷாஹினா வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு கஷ்டமும் படவில்லையாம். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒரு மணி நேரம் வாப்பா ஒவ்வொரு மூச்சுக்கும் பட்ட பாட்டைப் பார்த்தது இரண்டே பேர், அவளும் உம்மாவும். இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் உம்மா வேறொரு மௌத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நஸ்லியாவுக்குத் துக்கத்தைவிட எரிச்சல்தான் முன்னால் வந்தது.

உள்ளறையில் ஆண்கள் ஜனாஸாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். ளுஹர் தொழுகையோடு அடக்கம்.

வாப்பா கலந்தர் கல்முனைக்குடியில் முப்பது வருடம் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். ஆணி வாங்க வந்தவனிடமும் அரை மணி நேரம் கதைப்பார். ஏழு மாதத்துக்கு முன்பு பாரிசவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றையும் கொண்டுபோனது. புத்தி அப்படியே இருந்தது. அதை நம்பியவர்கள்தான் வீட்டில் குறைவு. அவர் முன்னாலேயே அவரைப் பற்றிக் கதைத்தார்கள். அவரிடம் கேட்ட கேள்விக்கு உம்மா பதில் சொன்னாள்.

இதில் நஸ்லியாவின் வேலை வேறு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. பாரிசவாதம் வந்து பிழைத்தவர்களிடம் கேட்பதற்காக வெளிநாட்டில் செய்த நாற்பத்தொன்பது கேள்விகளை இந்தப் பக்கத்துத் தமிழில் ஆக்கும் குழுவில் அவளும் ஒருத்தி. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு, அந்தத் தமிழை வேறொருவர் திரும்ப ஆங்கிலத்துக்கு, பிறகு இரண்டையும் வைத்துக்கொண்டு சண்டை. குளியல் தொட்டியில் இறங்க முடிகிறதா என்ற ஒரு கேள்விக்கே அரை நாள் போனது. "கல்முனையில எந்த வீட்டில, சேர், தொட்டி இரிக்கி?" என்று அவள் கேட்க, மூலத்தை மாற்றினால் ஒப்பிட முடியாது என்று குழுவை நடத்திய பேராசிரியர் நின்றார். கடைசியில் கிணற்றடி என்று போடவைத்தபோது அவளுக்குத் தலையிடியே வந்துவிட்டது.

முப்பத்தோராம் கேள்விக்கு அவள் எழுதிய வசனத்தை யாரும் மறுக்கவில்லை. 'வீட்டாக்களுக்கு நான் பாரமா இருக்கன் எண்டு நினைச்சன்.' ஒருபோதும் இல்லை என்பதிலிருந்து எப்போதும் என்பதுவரை ஐந்து வட்டங்கள். பேச முடியாதவர் அட்டையில் விரல் வைத்தால் போதும்.

அதை எழுதிய மறுநாள் வாப்பாவின் இடது கை பட்டு, கஞ்சிக் கோப்பை அவள் தாள்களின்மேல் கவிழ்ந்தது.

"உங்களோட ஏலா வாப்பா! எனக்கும் ஒரு சீவியம் இரிக்கி!"

கத்திய பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தாள், நாளைக்குக் கேட்கலாம் என்றும் நினைத்தாள்.

தமிழாக்கம் சரியா என்று பார்க்க முதலில் நூறு பேரிடம் கேட்டார்கள். கலந்தரும் அதில் ஒருவர். சொந்த வீட்டில் கேட்கக் கூடாது என்பதால், குழுவுக்காகக் கேள்வி கேட்கும் உசாந்தினி வீரமுனையிலிருந்து வந்தாள். நஸ்லியா குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போன கிழமை உங்களுக்குக் களைப்பா இருந்ததா?"

"அல்ஹம்துலில்லாஹ், அப்பிடி ஒண்டும் இல்ல மகள்" என்றாள் உம்மா.

வாப்பா இடது கையைத் தூக்கியிருக்க வேண்டும். "நீங்க சும்மா இரிங்க, நான் சொல்றன்" என்று உம்மாவின் குரல் வந்தது. வந்தவர்களிடம் நோவைச் சொல்லி முறையிட்டால் அது அல்லாஹ்விடம் குறைப்பட்டது மாதிரி என்பது அவளுடைய கணக்கு. மலசலகூடத்துக்குத் தூக்கிப் போவதை ஊருக்குச் சொல்ல வேண்டுமா என்பது இன்னொன்று. நாற்பத்தொன்பதுக்கும் அவளே பதில் சொன்னாள். முப்பத்தொன்றாவதுக்கு, "சே, என்ன கேள்வி இது? ஒருநாளும் இல்ல" என்றாள்.

அன்று பின்னேரம் நஸ்லியா வாப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். அதே கேள்விகளை இரண்டு கிழமைக்குள் இன்னொரு தடவை கேட்பார்கள், அதுதான் முறை. "அடுத்த முறை நீங்களே சொல்லுங்க வாப்பா. உம்மாவ நான் கூட்டிப் போறன்." அவர் தலையை ஆட்டினார்.

அது வருகிற சனிக்கிழமை. இன்று வியாழன். இரண்டு நாள் பொறுக்க முடியாமல் போனதே என்று அவளுக்கு வாப்பாமேலும் கோபம் வந்தது. அவர் மனதில் என்ன இருந்தது என்று இனி யாரிடம் கேட்பது? உம்மாவிடமா?

கபன் துணி சுற்றி முகம் காட்டினார்கள். பார்த்துவிட்டுப் பெண்கள் திரும்பவும் கூடத்தில் உட்கார்ந்தபோது, தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு உசாந்தினி வாசலில் நின்றாள். கையில் ஒரு கடித உறை.

"கேள்விப்பட்ட உடன வந்தன் அக்கா. இது வீட்டில குடுக்க வேண்டிய பிரதி. செவ்வாக்கிழமை மறந்து கொண்டு போயிற்றன்."

"செவ்வாக்கிழமையா?"

"பக்கத்துத் தெருவுக்கு வந்தனான். நீங்க வீட்டில இல்ல. நாள் சரியா இருந்திச்சு, அப்பிடியே ரெண்டாம் முறையையும் கேட்டு முடிச்சன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டரை மணித்தியாலம் எடுத்தாரு அக்கா. எல்லாத்துக்கும் அவரே விரல் வச்சாரு."

நஸ்லியா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "முப்பத்தொண்டுக்கு?"

உசாந்தினி மற்றக் கையால் உறையை அவளிடம் நீட்டினாள்.

"சொல்லு புள்ள. எதில விரல் வச்சாரு?"

"சொல்ல ஏலாதே அக்கா. அந்த வசனத்த எழுதினது நீங்கதானே."

சம்மதத் தாளில் அதை எழுதியது அவள்தான். 'உங்கள் பதில்களை வீட்டாருக்கும் காட்ட மாட்டோம்.' அந்த 'வீட்டாருக்கும்' என்ற சொல்லுக்காகப் பேராசிரியரோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கு நின்றாள். இப்போது அந்தச் சொல்லை எழுதிய கையை வெட்டிப் போடலாம் போல் இருந்தது. இந்தப் பெண்ணை உலுக்கிக் கேட்கலாம். வாப்பா போய்விட்டார், இனி யாருக்குக் கெடுதல் என்று கத்தலாம். உசாந்தினியின் கண் நிறைந்திருந்ததைப் பார்த்துக் கையை விட்டாள்.

உம்மாவின் பக்கம் திரும்பினாள். "செவ்வாக்கிழமை வந்தத ஏன் உம்மா எனக்குச் சொல்லல்ல?"

கமீலா தஸ்பீஹ் மணியை உருட்டுவதை நிறுத்தினாள்.

"என்ன வெளிய போகச் சொல்லிற்றாரு" என்றாள் பிறகு. "இந்தப் புள்ள சொல்லல்ல. அவருதான். கையால கதவக் காட்டினாரு. முப்பத்தஞ்சு வருசத்தில ஒருநாளும் அப்பிடிச் செய்யல்ல." அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஷாஹினா அவள் முதுகைத் தடவினாள்.

நஸ்லியா உறையைப் பிரித்தாள். உள்ளே இருந்தது சம்மதத் தாள் மட்டும். பதில் ஒன்றும் இல்லை. கீழே இடது கையால் எழுதிய 'கலந்தர்', ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து. அதன் கீழே இன்னொரு கட்டம்: 'அவருக்காகப் பதில் சொன்னவர்.' முதல் முறைத் தாளில் அந்த இடத்தில் உம்மாவின் பெயர் இருந்திருக்கும். இதில், மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு. பேனையை அழுத்திய அழுத்தத்தில் தாள் ஓரிடத்தில் கிழிந்திருந்தது.

"இத ஆரு கோடு போட்டு வெட்டின?"

"நான் வெட்டப் போனன். பேனைய வாங்கிற்றாரு" என்றாள் உசாந்தினி.

வெளியே கலிமாச் சத்தம் எழுந்தது. ஜனாஸாவை வைத்த சந்தூக்கைத் தூக்கிவிட்டார்கள். பெண்கள் ஜன்னலை நோக்கி நகர, பிந்தி வந்த மாமி ஒருத்தி நஸ்லியாவின் தோளில் கை வைத்தாள்.

"கடைசியா வாப்பா ஏதும் சொன்னாரா மகள்?"

நஸ்லியா உம்மாவைப் பார்த்தாள். உம்மா தலையைத் தூக்கவில்லை.

"ஓம் மாமி, சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"எனக்குத் தெரியா."

மாமி விளங்காமல் நின்றாள். கலிமாச் சத்தம் தெருமுனை திரும்பி, அடக்கும் மையவாடிப் பக்கம் போனது. நஸ்லியா தாளின் பின்பக்கத்தில், கோடு புடைத்துத் தெரிந்த இடத்தில், ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை மெதுவாக விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள்.