வெட்டி எடுத்த தாய்மாமன்

ஜெயப்பிரியா ஒரு கையால் உலையில் அரிசியைப் போட்டாள். மறு கையால் மகளின் காதுகுத்துப் பத்திரிகையை எழுதி முடித்தாள். வெள்ளிக்கிழமை விசேஷம்.

ஒரு பெயரைத் திருத்த ஒரு தடவை, அந்தத் திருத்தத்தைத் திருத்த இன்னொரு தடவை என்று ஆர்.எஸ்.மங்கலத்து அச்சகத்துக்குப் பஸ்ஸில் அலைவதுதான் அந்த ஊர் வழக்கம். வயலில் களையெடுப்பு கிடக்கும்போது அவளுக்கு அலைய ஏது நேரம்? போனில் இணையத்தைத் திறந்தாள். எந்த ஆப்பும் இறக்க வேண்டாம், காசும் கேட்காது, பல பேர் சேர்ந்து எழுதலாம் என்று ஒரு தாள் கிடைத்தது. அதில் எழுதி, லிங்கைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்.

“பேரெல்லாம் பாத்துத் திருத்திக்கிருங்க. சாயங்காலம் அச்சுக்குப் போகுது.”

திருத்தச் சொன்னதுதான் வினையாகிவிட்டது.

மத்தியானம் வயலிலிருந்து வந்து திறந்தால், தாள் சந்தைக்கடையாகக் கிடந்தது. கணவன் மாரிச்செல்வத்தின் பெரியப்பா தவசி, தன் பெயரைக் குலதெய்வம் அய்யனாருக்கும் மேலே ஏற்றியிருந்தார். நாத்தனார் நாகஜோதி தன் கணவர் பெயருக்குப் பின்னால் மூன்று பட்டங்களைச் சேர்த்திருந்தாள். அதில் ஒன்றைக்கூட அந்த மனிதர் படித்து முடித்ததில்லை.

வாசலில் பைக் நின்றது. கடலாடியிலிருந்து அவள் அண்ணன் யோகேஸ்வரன், முகம் கடுகடுக்க வந்தான்.

“தாய்மாமன் பேரையே தூக்கிட்டீக, நல்லா இருக்கு! பிள்ளைய வேற எவன் மடியிலயாச்சும் ஒக்கார வச்சுக் காதைக் குத்துங்க. நான் வரமாட்டேன்.”

ஜெயப்பிரியா தாளை மேலும் கீழும் தேடினாள். அந்த வரி நிஜமாகவே இல்லை. தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து ஏது? அதைவிட, அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு இருப்பது அந்த அண்ணன் ஒருவன்தான்.

“சத்தியமா நான் தூக்கலண்ணே. காலையில நானேதான் எழுதுனேன்.”

“உக்காருங்க மச்சான், மோர் குடிங்க” என்றான் மாரிச்செல்வம்.

“பேரு இல்லாத வீட்ல மோரு எதுக்கு? எல்லாம் ஒங்க பெரியப்பா வேலையாத்தான் இருக்கும்.”

ஜெயப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரிண்ணே, ஒன் கையாலயே போட்ரு. இங்கன உக்காந்து ஒன் போன்லயே போடு.”

அவன் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்து, தாளில் விரலை அழுத்தினான். எழுதத் தொடங்கும் முன்பே ‘ஒட்டு’ என்று ஒரு சின்னப் பெட்டி வந்தது. தெரியாமல் அதன்மேல் கைபட்டது. முழு வரியும் தாளில் வந்து விழுந்தது: ‘தாய்மாமன்: திரு. யோகேஸ்வரன், கடலாடி.’

மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

“இது நான் காலையில எழுதுன வரியாச்சே. ஒன் போனுக்குள்ள எப்படிண்ணே வந்துச்சு?”

யோகேஸ்வரன், வேண்டாமென்ற மோரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான். “பெரியப்பா பேருக்கு மேல வைக்கலாம்னு வெட்டுனேன் தாயி. அதுக்குள்ள உரக்கடைக்காரரு போன் போட்டாரு. ஒட்ட மறந்துட்டேன்.”

“அப்ப இம்புட்டு நேரமும் ஒங்க பேரு ஒங்க சட்டைப் பையிலதான் இருந்துச்சு!” மாரிச்செல்வம் தோள் துண்டு நழுவ நழுவச் சிரித்தான்.

தாள் சேமித்து வைத்திருந்த பழைய பதிப்புகளிலிருந்து, காலையில் இருந்ததை ஜெயப்பிரியா அப்படியே மீட்டாள். இனி எல்லாரும் பார்க்கலாம், யாரும் கைவைக்க முடியாது என்று மாற்றி, அச்சகத்துக்கு அனுப்பினாள். மோர்ச் செம்பைக் கழுவுகிற நேரம்கூட ஆகவில்லை.

யோகேஸ்வரன் அசடு வழிந்தான். “இந்தத் தாளு இம்புட்டு வேலையையும் காசு வாங்காமச் செஞ்சு குடுக்குது. மிச்சமாகுற நேரத்தை நம்ம வீம்புக்குத் தின்னக் குடுத்தா, எந்தக் கருவி வந்து என்ன பிரயோசனம்? மொதல்ல எம்பேருதான் மேல நிக்கணும்ங்கிற ஆசையை வெட்டணும் தாயி. வெட்டிட்டுத் திரும்ப ஒட்டவே கூடாது.”