கொட்டகைச் சுவரில் புளி விலை

நயா பைசா வந்த வருஷம்தான் கங்கப்பன் புளி வியாபாரத்தில் இறங்கினான். குந்தாரப்பள்ளி வாரச் சந்தையில் விலை குறைவாக இருக்கும்போது வாங்கி வைப்பது, ஏறினால் அதே சந்தையில் விற்பது. கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் வாங்கியதெல்லாம் உச்சத்தில், விற்றதெல்லாம் பள்ளத்தில். விலை இறங்கினால் ஏறிவிடும் என்று காத்திருப்பான். காத்திருந்து மனசு விட்டுப்போன அன்றைக்கு விற்பான். மறுவாரமே விலை ஏறும்.

அவன் மனைவி கெம்பம்மா சந்தையைப் பார்த்ததே இல்லை. மாலூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த சில மாதங்களிலேயே மாமனார் பக்கவாதத்தில் விழுந்துவிட்டார். அவரை விட்டு அரை நாள்கூட நகர முடியாது. சந்தையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் புருஷன் வந்து சொல்வதுதான். அவனோ ஒரு வாரம் ‘தாறுமாறா ஏறிருச்சு’ என்பான், மறுவாரம் ‘எல்லாம் போச்சு’ என்பான். எவ்வளவு ஏறியது, எவ்வளவு போனது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அதனால் வண்டி அவிழ்த்ததும் நான்கு விலை கேட்க ஆரம்பித்தாள். காலையில் முதல் பேரம் எதற்கு முடிந்தது, அதிகமாக எங்கே போனது, எதுவரை இறங்கியது, கடைசியில் எங்கே நின்றது.

கேட்டதை மாட்டுக்கொட்டகையின் செம்மண் சுவரில் வரைந்துவைத்தாள். மூட்டை விலையில் ஒரு ரூபாய்க்கு ஒரு விரல் உயரம் என்று கணக்கு. தொடங்கிய விலையிலிருந்து முடிந்த விலை வரைக்கும் தடித்த பட்டை. ஏறி முடிந்திருந்தால் சுண்ணாம்பு, இறங்கி முடிந்திருந்தால் அடுப்புக்கரி. விலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய தூரத்துக்கு, பட்டைக்கு மேலும் கீழும் மெல்லிய கோடு. வாரத்துக்கு ஒரு பட்டை. அதை ஒரு பெரிய வேலையாக அவள் நினைக்கவில்லை.

ஒருநாள் காலை சாணிக்கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கிழக்கு வெயில் சுவர் முழுக்க விழுந்திருந்தது. இத்தனை நாள் பட்டை பட்டையாகத் தெரிந்தது, அன்றைக்கு ஒரே உருவமாகத் தெரிந்தது. விலை ஓர் உயரம் வரை ஏறியிருந்தது, முட்டித் திரும்பியிருந்தது. சில வாரம் கழித்து மறுபடி ஏறி, அதே உயரத்தில் முட்டியிருந்தது. மூன்றாவது முறையும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை அங்கே இருப்பது போல. பிறகு ஒரு வாரம், கூரையை உடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைப் பட்டை மேலே போய் நின்றிருந்தது. அதற்கப்புறம் விலை இறங்கி வந்தபோதெல்லாம் அந்த உயரத்தில் வந்து நின்றது. கூரை தரையாகிவிட்டிருந்தது.

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தைக்கு வருகிறவன் வாரத்துக்கு வாரம் வேறு ஆள். போன மாசத்து விலை அவனவனுக்கு மறந்திருக்கும். ஆனால் எல்லோரும் சேர்ந்து நின்றால் மறப்பதில்லை போலிருக்கிறது.

புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் சுவருக்குக் கிட்டப் போய்ப் பார்த்தான்.

“மெழுகுவத்தி ஏத்தி வச்ச மாதிரி இருக்குது. யாரு சொல்லிக் குடுத்தது?”

“யாரும் சொல்லல. நீங்க சொன்ன விலையத்தான் வச்சன்.”

அவன் தான் வாங்கிய வாரங்களைத் தேடித் தேடித் தொட்டான். ஒவ்வொன்றும் ஒரு மெல்லிய கோட்டின் மேல்நுனியில் இருந்தது. ஊரே கூச்சல் போட்டு ஏற்றிய இடத்தில் அவனும் கூச்சல் போட்டிருக்கிறான்.

அன்றிலிருந்து இருவரும் பேசி ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். கூரையைத் தாண்டி, அதற்கு மேலேயே சந்தை முடிந்தால்தான் அடுத்த வாரம் வாங்குவது. வாங்குமுன்பே, எந்த விலைக்குக் கீழே போனால் நம் நினைப்புத் தப்பு என்று ஒத்துக்கொண்டு விற்றுவிடுவது என்பதையும் முடிவு செய்வது. கையிலிருக்கும் பணம் முழுவதையும் ஒரே சரக்கில் போடாதிருப்பது.

முதல் தடவையே அடி விழுந்தது. குறித்த விலைக்குக் கீழே போனதும் கங்கப்பன் விற்றான். அவன் மூட்டையை இறக்கி முடிப்பதற்குள் விலை திரும்ப ஏறியது. பக்கத்து வியாபாரி நாராயணப்பன் சந்தை முழுக்கச் சொல்லிச் சிரித்தான். சுவரை அழித்துவிடப் போகிறேன் என்று கங்கப்பன் வீட்டுக்கு வந்து குதித்தான். கெம்பம்மா கோபப்படவில்லை.

“கொஞ்சம் போச்சு, அவ்வளவுதான? போன வருஷம் போன மாதிரியா போச்சு? நாலு விலையச் சொல்லுங்க.”

சொன்னான். அவள் வரைந்தாள்.

கார்த்திகையில் பெங்களூர் வியாபாரிகள் லாரியோடு வந்து புளி மொத்தத்தையும் அள்ளப் போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. விலை எகிறியது. கங்கப்பனிடம் அப்போது சரக்கு இருந்தது. இதற்குக் கீழே போனால் விற்பது என்ற விலையையும் கெம்பம்மா வாராவாரம் உயர்த்திக்கொண்டே வந்தாள். ஒரு சந்தை நாளில், உச்சி வெயிலுக்கு முன்பே, விலை அந்த இடத்துக்குக் கீழே சரிந்தது. லாரி வழியில் இருக்கிறது, பொறு என்றார்கள் எல்லோரும். முந்தைய சிரிப்பு இன்னும் அவன் காதில் இருந்தது. ஆனாலும், பிறர் பார்க்காமல் விரல் தொட்டு விலை பேச, தரகரின் துண்டுக்கு அடியில் கங்கப்பன் கையைக் கொடுத்தான். விற்றான். லாரி வரவேயில்லை. சந்தை கலையும்போது புளியை ஏனென்று கேட்க ஆளில்லை. நாராயணப்பன் விற்காத தன் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்குக் கெம்பம்மா வரைந்த கரிப்பட்டை முழங்கை நீளத்துக்கு இறங்கியது. பார்த்துவிட்டுக் கங்கப்பன் சொன்னான்: “அடுத்த சந்தைக்கு நீயும் வா. நீ பாக்கணும்.”

மாமனாரைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டுச் சரசம்மா ஒத்துக்கொண்டாள். கெம்பம்மா முதன்முதலாகச் சந்தைக்குள் நுழைந்தாள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒன்றாகக் கொதித்தன. துண்டுகளுக்கு அடியில் விரல்கள் பேசின. ஒரு மூலையில் யாரோ கொஞ்சம் கூடக் கொடுத்ததும், நூறு தலைகள் காற்றில் கேழ்வரகுப் பயிர் சாய்வது போல அந்தப் பக்கம் சாய்ந்தன. பிறகு தயங்கி, மெல்லத் திரும்பின. மெல்லிய கோடு உண்டாவதை அவள் நேரில் பார்த்தாள். அது ஆசைப்பட்டுப் பின்வாங்கிய ஆட்களால் ஆனது.

“இத்தன பேருங்களா அந்தக் கோட்டுக்குள்ள இருந்தாங்க?” என்றாள் மெதுவாக.

வாங்கலாமா என்று அவன் கேட்டான். விலை இன்னும் எந்தக் கூரையையும் தாண்டவில்லை. “இன்னைக்கு வேணாங்க” என்றாள். மாமனாருக்குக் காராபூந்தி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டார்கள். வேறொன்றும் வாங்கவில்லை. மாட்டைப் பூட்டிவிட்டு அவன் இரண்டு தடவை கூப்பிட்டும் அவள் வண்டியில் ஏறாமல், கூட்டத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.