மேல் வீட்டுக் காலடிகள்

கிரெய்க் சக்டனை அந்த வீட்டிலிருந்து காலி செய்ய வைத்தே தீர வேண்டும் என்பதில் லொரெய்னுக்குத் துளிகூடச் சந்தேகம் இருக்கவில்லை. இங்கிலாந்தில், பர்ன்லியில், வசதி குறைந்தவர்களுக்கு வாடகைக்கு வீடு தரும் ஒரு வீட்டு வசதிச் சங்கத்தில் வேலை அவளுக்கு. குடியிருப்பவர்களுக்குள் அடாவடி, தொல்லை என்று புகார் வந்தால் அவள்தான் போய் விசாரிக்க வேண்டும். கிரெய்க்குக்குக் கழுத்துவரை பச்சை குத்தியிருக்கும். ஜெயிலுக்கும் போய் வந்தவன். கேள்வி கேட்டால் தரையைப் பார்த்துத்தான் பதில் சொல்வான்.

அவனுக்கு நேர் கீழ் வீட்டில் கிளெனிஸ் அன்ஸ்வர்த் இருந்தாள். பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் கோட்டுப் போட்டு நின்று, பிள்ளைகளைச் சாலை தாண்டவிட்டே காலம் கழித்தவள். அந்தத் தெருவில் பாதிப் பேர் சின்ன வயதில் அவள் கையைப் பிடித்து நடந்தவர்கள்தான். கிரெய்க் குடிவந்த சில வாரங்களிலேயே அவள் வாசலில் அசிங்கங்கள் ஆரம்பித்தன. கதவில் நாய்ப் பீ. ஜன்னலில் உடைத்து வழியவிட்ட முட்டை. சுவரில் வாயால் சொல்லக் கூசும் வார்த்தை. ஒவ்வொரு தடவையும் அழுதுகொண்டே போன் செய்வாள்.

"என்னால முடியல கண்ணு. இந்த வயசுல நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணேன்?"

லொரெய்ன் உடனே கிளம்பிவிடுவாள். கிளெனிஸோடு சேர்ந்து கதவைத் துடைப்பாள். பிறகு இருவரும் டீ குடிப்பார்கள். கிளெனிஸ் தட்டு நிறைய இஞ்சி பிஸ்கட் அடுக்கித் தருவாள். அதைத் தின்றுவிட்டு லொரெய்ன் மாடியேறிக் கிரெய்க்கின் கதவைத் தட்டுவாள்.

"நான் செய்யல."

"வேற யாரு செய்வா? இந்தக் கட்டடத்துல நாய் வச்சிருக்கறது நீ ஒருத்தன்தான்."

"நாய் வச்சிருந்தா, அது போறதை அள்ளிக் கதவுல பூசுவேனா? எனக்கு வேற பொழப்பு இல்லையா ஆபீசரம்மா?"

அந்த 'ஆபீசரம்மா'வில் இருந்த கிண்டல் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும். முதலில் எச்சரிக்கை கொடுத்தாள். அப்புறம் ஒழுங்காக நடந்துகொள்வதாகக் கையெழுத்து வாங்கினாள். கடைசியில், நாய் போக வேண்டும், இல்லாவிட்டால் வீடு போகும் என்று சொல்லிவிட்டாள். பிக்கிள் என்ற அந்தக் கிழட்டு நாயைக் கிரெய்க் தானே காப்பகத்தில் கொண்டுபோய் விட்டான். அப்புறம் சில நாள் வேலைக்கும் போகவில்லை என்று கேள்வி.

நாய் போன பின்னும் கதவில் அசிங்கம் நிற்கவில்லை.

"எங்கிருந்தோ பொறுக்கிட்டு வந்து பூசறான் பாரு, நாயைப் பிடுங்கிட்ட கோவத்துல!" என்றாள் கிளெனிஸ். லொரெய்னும் அப்படித்தான் நினைத்தாள். அவனை வெளியேற்றக் கோர்ட்டில் மனுப் போட்டார்கள். வக்கீல் கண்ணால் பார்த்த சாட்சி கேட்டதால், யாருக்கும் சொல்லாமல் மாடிப்படி விளக்குக்குள் ஒரு சின்னக் கேமராவை வைத்தார்கள்.

அடுத்த வாரமே, ஒரு காலை வேளையில் கிளெனிஸ் அழுதுகொண்டு போன் செய்தாள். லொரெய்னுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். மேலாளர் நைஜலைத் தன் மேசைக்கே கூப்பிட்டாள். "வாங்க, இன்னிக்கு மாட்டிக்கிட்டான்."

திரையில் மாடிப்படி வெறுமையாகத் தெரிந்தது. கிரெய்க் சாப்பாட்டுப் பையோடு இறங்கி வந்தான். கிளெனிஸ் வாசலில் போட்டிருந்த கால்மிதியை மிதித்துவிடாமல் ஓரமாகத் தாண்டி, வெளிக்கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கிளெனிஸின் கதவு திறந்தது. வீட்டுச் செருப்போடு வெளியே வந்தாள். மாடியை ஒரு தடவை பார்த்தாள். கையில் பாத்திரம் கழுவும் ரப்பர் உறை. ரொட்டி வாங்கிய பைக்குள் அந்தக் கையை விட்டு எடுத்து, தன் கதவில் தானே பூச ஆரம்பித்தாள். அவசரமே இல்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவுவதைப் போல நிதானமாகத் தடவினாள். ஓரடி பின்னால் போய் நின்று பார்த்தாள். போதவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, கடிதம் போடும் துவாரத்துக்குக் கீழே இன்னும் கொஞ்சம் வைத்தாள். உள்ளே போய்ப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கே திரும்பி வந்து, அதைக் காதில் வைத்த பிறகு அழத் தொடங்கினாள்.

அன்று காலை லொரெய்ன் கேட்ட அழுகை அதுதான்.

"இன்னொரு தடவை போடு," என்றான் நைஜல்.

மறுபடியும் பார்த்தார்கள். பிஸ்கட் அடுக்கிய கை நினைவுக்கு வந்ததும் லொரெய்ன் எழுந்து கழிப்பறைக்கு ஓடினாள்.

மறுநாள் இருவரும் போய் அந்தக் காட்சியைக் கிளெனிஸிடம் காட்டினார்கள். அவள் அழவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"சரி, பாத்துட்டீங்க."

"ஏன் கிளெனிஸ்?" என்றாள் லொரெய்ன்.

"நடக்கறான்."

"என்னது?"

"நடக்கறான் லொரெய்ன். எழுந்ததும் நடக்கறான். சமைக்கப் போறான், கக்கூஸுக்குப் போறான், எல்லாம் என் தலை மேலதான். உன் தலை மேல யாராச்சும் நடந்திருக்காங்களா?"

"அதை எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே! வீட்டுக்குள்ள நடக்கறதுக்கெல்லாம் நடவடிக்கை எடுக்க முடியாதுன்னு சொன்னது நீதான். பீயைப் பூசினாத்தானே ஆள் அனுப்பறீங்க."

கிளெனிஸ் வானிலையைப் பற்றிப் பேசுவது போலவே தொடர்ந்தாள். "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான். குறை சொல்ல மாட்டேன். ஆனா அவ குழந்தை ஓடும். விடிஞ்சா போதும், திடுதிடுன்னு ஓடும்."

எந்தப் பெண் என்று லொரெய்ன் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. கிரெய்க்குக்கு முன்னால் அந்த மேல் வீட்டில் இருந்தவள் ஜேட் ஹோல்ட். தன் வாசலில் குப்பையைக் கொட்டுகிறாள் என்று அவள் மேலும் கிளெனிஸ்தான் புகார் கொடுத்திருந்தாள். அவளை வெளியேற்றி வீட்டைப் பூட்டிய அன்று லொரெய்னும் அங்கே இருந்தாள். ஜேட் நடைபாதையில் துணி மூட்டைகளுக்கு நடுவே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அந்தக் கிழவியைக் கேளுங்கடா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். எல்லாரும் இப்படித்தான் அடுத்தவர் மேல் பழி போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு லொரெய்ன் காரில் ஏறிப் போய்விட்டாள்.

வழக்கை வாபஸ் வாங்கிய தகவலைச் சொல்ல அவளே கிரெய்க்கிடம் போனாள். நடந்ததையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவன் கதவைப் பிடித்தபடியே கேட்டான்.

"அப்ப பிக்கிள்?"

ஏற்கெனவே காப்பகத்தில் விசாரித்திருந்தாள். ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. திருப்பிக் கேட்க வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதைச் சொன்னபோது முதல் தடவையாக அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"அதுக்கு வலது காது கேக்காது. அவங்களுக்குத் தெரியுமா?"

அவன் கதவைச் சாத்திக்கொண்டான்.

கிளெனிஸ் விஷயத்தில் நைஜல் எடுத்த முடிவு லொரெய்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஊருக்கு வெளியே, மாடியே இல்லாத தனி வீடு ஒன்றை அவளுக்கு ஒதுக்கினான்.

"ஜனங்க வருஷக்கணக்கா அந்த வீட்டுக்குக் காத்துக்கிட்டிருக்காங்க! இவளுக்குப் பரிசா?"

"தலைக்கு மேல ஆள் இல்லேன்னா அவ சும்மா இருப்பா. கோர்ட்டுக்குப் போனா, கிழவியைத் தெருவுல விட்டாங்கன்னு பேப்பர்ல நம்ம பேருதான் நாறும். தொல்லை ஒழியணுமா, உனக்கு நியாயம் வேணுமா?"

கிளெனிஸ் வீடு மாறிய அன்று தெருவே கூடிச் சாமான் தூக்கியது. கேமராவில் பார்த்ததைச் சொன்னாலும் ஒருவரும் நம்பவில்லை. பாவம், அந்தப் பச்சை குத்தினவன்தான் அவளை விரட்டிவிட்டான் என்றார்கள். வண்டி கிளம்பும்போது கிளெனிஸ் கண்ணாடியை இறக்கி லொரெய்னுக்குக் கைகூட ஆட்டினாள்.

ஜேட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இல்லை. வீடில்லாதவர்களைத் தங்கவைக்கும் விடுதியில், குழந்தையோடு ஒரே அறையில் இருந்தாள். ஓடக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று அறைக் கதவில் எழுதி ஒட்டியிருந்தது. லொரெய்ன் வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னாள். ஜேட் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"நான் சொன்னேன்ல?"

"சொன்ன."

"நடுத்தெருவுல நின்னு கத்தினேன்ல?"

"கத்தின, ஜேட்."

"அப்புறம் ஏன்?"

கிளெனிஸ் இருந்த கீழ் வீடு காலியாக இருக்கிறது, வேண்டுமானால் தருகிறோம் என்றாள் லொரெய்ன். ஜேட் அவளை விசித்திரமாகப் பார்த்தாள்.

"அந்தக் கதவையா? அந்தக் கதவைத் தெனம் நான் தொறக்கணுமா?"

லொரெய்ன் விடவில்லை. நைஜலோடு சண்டை போட்டு, அவன் மேலதிகாரி வரை போய், கடைசியில் ஜேட்டின் அம்மா வீட்டுப் பக்கத்திலேயே வேறொரு வீட்டை அவளுக்கு ஒதுக்க வைத்தாள். சாவியை வாங்கிக்கொண்ட ஜேட் நன்றி சொல்லவில்லை. உள்ளே போய், குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டு, "ஓடுடா," என்றாள். அவன் ஓடவில்லை. நுனிக்காலில் மெதுவாக நடந்து போய்ச் சுவரோரம் நின்றுகொண்டான்.