எண்பத்தொன்பது வசனம்

"சகல விசுவாசிகளுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், வேதாகமத்தை ஆதி முதல் அந்தம் வரை நாற்பது முறை வாசித்து முடித்த வேத வேங்கை, நம் சேகரத்தின் தூண், துறைமுக விஞ்சு டிரைவர் எஸ்றா அவர்கள் இன்று காலை பரம வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அடக்க ஆராதனை மாலை நாலு மணிக்கு. துறைமுக லேபர் ஆபீசர் அவர்கள் நேரில் வருகை தந்து தொண்ணூறாம் சங்கீதத்தை வாசிக்க இருக்கிறார் என்பதை மிகுந்த மகிழ்ச்சியுடன்..."

இது சாவு வீடு என்பது சபைச் சேகரத்தின் செயலாளர் ஜெபத்துரைக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இருமிக்கொண்டு, "துக்கத்துடன்" என்று மைக்கிலேயே திருத்தினார்.

உள்ளே புருஷனுக்குச் சட்டைப் பித்தான் மாட்டிக்கொண்டிருந்த நேசபாக்கியத்தின் கை 'நாற்பது' என்ற இடத்தில் நின்றது. ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம் வீதம் வேதம் ஒரு சுற்று முடிய மூணேகால் வருஷம் ஆகும். நாற்பது சுற்று என்றால் எஸ்றா நூற்று முப்பது வருஷம் உயிரோடு இருந்திருக்க வேண்டும். கர்த்தர் கொடுத்தது ஐம்பத்தைந்து. அதிலும் கல்யாணத்துக்குப் பிறகான இருபத்து மூன்றுதான் கணக்கில் வரும். ஏழு சுற்று முடிந்து எட்டாவது நடந்துகொண்டிருந்தது.

அது போகட்டும். வேத வேங்கைக்கு எழுத்தே தெரியாது. சம்பள நாளில் பெருவிரலை உருட்டுகிற ஆள். வாசித்ததெல்லாம் அவள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்பார். அதிகாரம் முடியாமல் அந்த வீட்டில் காப்பி கிடையாது. காய்ச்சல், புயல், துறைமுக வேலைநிறுத்தம் எதற்கும் அந்தச் சட்டம் தளர்ந்ததில்லை. இன்று காலையும் அவள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "எண்ணாகமம், ஏழாம் அதிகாரம்" என்றாள். வழக்கமாக வரும் 'உம்' வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

மூன்றரை மணிக்கு இனிகோ ஒரு டம்ளர் காப்பியோடு வந்தான். விஞ்சில் மூடை தூக்கி இறக்கும் எஸ்றாவுக்குக் கப்பல் தட்டில் நின்று கைச்சாடை காட்டுகிறவன். கத்தோலிக்கன்.

"மயினி, காலைலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. ஒரு வாய் குடிங்க."

"இன்னைக்குள்ள அதிகாரம் முடியலயே."

"இனி யாரு கேக்கப் போறா?"

"அவரு இங்கனதான கிடக்காரு."

இனிகோ டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டான்.

ஆபீசர் வந்தார். அவர் கழுத்தில் போடுவதற்கு ஒரு மாலை வாங்கி வைத்திருந்த ஜெபத்துரையை யாரோ பிடித்து நிறுத்தினார்கள். இரண்டு பேர் பெட்டி மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, நேசபாக்கியம் பெட்டியின் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு, மடியில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிம்மா, மூடணும்" என்றார் ஜெபத்துரை.

"வாசிச்ச பொறவு மூடுங்க."

"அதான் ஆபீசரு தொண்ணூறாம் சங்கீதம் வாசிக்காருல்லா."

"அதுக்கு நாங்க போய்ச் சேர இன்னும் ஒண்ணேகால் வருசம் கிடக்கு. இன்னைக்கு எண்ணாகமம் ஏழு."

சபைக் குருவான ஐயர் தன் வேதப்புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கம் திருப்பினார். இன்னொரு பக்கம். முடிவதாகத் தெரியவில்லை.

"எம்பத்தொம்பது வசனம் இருக்கேம்மா" என்றார் மெதுவாக. "பன்னெண்டு கோத்திரத் தலைவர்களும் ஒரே காணிக்கையத்தான் கொண்டு வாராங்க. மொதல் ஆள வாசிச்சிட்டு, மத்தவங்களும் அப்படியேன்னு சொல்லிரலாமே."

இதே யோசனையை அவளும் முதல் சுற்றில் சொல்லியிருக்கிறாள், கல்யாணமான புதிதில். எஸ்றாவுக்கு வந்த கோபம் அப்படி இப்படி இல்லை. "பன்னெண்டாம் நாள் வந்தவன் என்ன பாவம் செஞ்சான்? அவனும் அதே தட்டத்தத்தான சொமந்துட்டு வாரான்? நான் நூறு மூடை எறக்குனா நூறு தரம் விஞ்ச இழுக்கேன். மொத மூடைய மட்டும் எறக்கிட்டு, மத்ததும் அப்படியேன்னு சொன்னா மேஸ்திரி விடுவானா?"

"சுருக்க மாட்டேன் ஐயரே" என்றாள்.

ஜெபத்துரைக்கு முகம் சிவந்துவிட்டது. "சாவு வீட்டுல ஆட்டுக்கடா, கன்னுக்குட்டின்னு வாசிப்பாங்களா? அதுவும் பொம்பள வாசிக்க நம்ம சேகரத்துல வழக்கமே இல்ல."

"இந்த வீட்டுல அதான் வழக்கம். இருவத்திமூணு வருசமா நாந்தான் வாசிக்கேன். அவருக்கு ஒரு எழுத்து தெரியாது."

ஜெபத்துரை கையிலிருந்த மைக் அணைக்கப்படவில்லை. மூன்று தெருவுக்கு அது கேட்டது.

"என்னவே செக்ரட்டரி" என்றான் இனிகோ. "வேங்கை கைநாட்டாம்லா."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்காகச் சிலர் வெளியே போனார்கள்.

நேசபாக்கியம் வாசிக்க ஆரம்பித்தாள். முதல் நாள் நகசோன். வெள்ளித் தாலம், வெள்ளிக் கலம், பொற்கரண்டி, காளை, ஆட்டுக்கடா, ஆட்டுக்குட்டி. இரண்டாம் நாள் நெதனெயேல். மறுபடியும் தாலம், கலம், கரண்டி. மூன்றாம் நாள் காணிக்கை வருவதற்குள், மூடியைத் தூக்கி நின்றவர்கள் அதைத் தரையில் வைத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாம் நாள் அவர் உட்கார இடம் தேடினார். ஒன்பதாம் நாள் ஜெபத்துரை ஐயரின் காதில் ஏதோ சொல்ல, ஐயர் உதட்டில் விரலை வைத்து அவரை அடக்கினார். அந்த விரல் உடனே புத்தகத்தில் அடுத்த வரிக்குப் போய்விட்டது. அவரும் கூடவே வாசித்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள், நப்தலி கோத்திரத்து அகீரா. மற்ற பதினொரு பேருக்கும் ஓடிய குரல் அவனுக்கு மட்டும் நிதானமாக நடந்தது. ஒரு தாலம், ஒரு கலம், ஒரு கரண்டி. ஒன்றும் குறையவில்லை.

எண்பத்தொன்பதாம் வசனம் வரை வாசித்துவிட்டு அவள் புத்தகத்தை மூடினாள். அதற்குப் பிறகு பெட்டியை மூடினார்கள். நேரம் போய்விட்டதென்று ஆபீசர் சங்கீதம் வாசிக்காமலே ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் காலை, அவர் சாயும் சுவருக்கு எதிரே உட்கார்ந்து எட்டாம் அதிகாரம். இருபத்தாறு வசனம்தான். சீக்கிரம் முடிந்துவிட்டது.